புல்லட்டுக்குக் குணமும் உண்டு, கோளாறும் உண்டு!

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கும் வீட்டு வாசலில் தரையைப் பாருங்கள். கருப்பாக ஓர் எண்ணெய்ப் பொட்டு தெரியும்.

"புல்லட் என்றால் அப்படித்தான். ஆயில் சிந்தாத புல்லட் எங்கே இருக்கிறது?" என்று வண்டிக்காரர் சிரிப்பார்.

"இது ஒரு வண்டியா? ஓடும் நாளைவிட மெக்கானிக் கடையில் கிடக்கும் நாள்தான் அதிகம்" என்று அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு!

ஒருவர் கோளாறைக் குணம் என்று நினைக்கிறார். மற்றவர் குணத்தைக் கோளாறு என்று நினைக்கிறார்.

குணம் வேறு, கோளாறு வேறு. வண்டியின் குணத்துக்குத் தக்கபடி நாம் பழகிக்கொள்ள வேண்டும். கோளாறு இருந்தால் உடனே சரி செய்ய வேண்டும். இந்த வேறுபாடு தெரியாததால் பலருக்குக் கைப்பணம் போகிறது. சிலருக்குக் கால் முறிகிறது. உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு.

சென்னைக்கு வந்த கதை

புல்லட் பிறந்த ஊர், இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். ராயல் என்ஃபீல்டு கம்பெனி அங்கேதான் இருந்தது. 1932-ம் ஆண்டில் "புல்லட்" என்ற பெயர் அந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது.

1955-ம் ஆண்டில் சென்னையில் "என்ஃபீல்டு இந்தியா" தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டி செய்தார்கள். பிறகு உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள்.

1970-ம் ஆண்டில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. சென்னையில் நிற்கவில்லை! அந்தப் பழைய வகை என்ஜின் 2010-ம் ஆண்டு வாக்கில்தான் விடைபெற்றது. ஆகவே, அந்த வகை வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அப்பா வைத்திருந்த வண்டியை மகன் ஓட்டுகிறான்.

அந்த 350 சி.சி. என்ஜினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். அதன் குறுக்களவு 70 மில்லி மீட்டர். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மில்லி மீட்டர். பெரிய பிஸ்டன், நீண்ட ஓட்டம். "டப், டப்" என்ற சத்தம் அதனால் வருவதுதான். உடம்பு குலுங்குவதும் அதனால்தான். இவை வண்டியின் பிறவிக் குணங்கள்.

உதைக்க ஒரு முறை உண்டு

கிக்கரை ஓங்கி உதைத்தால் புல்லட் கிளம்பும் என்று நினைப்பவர்கள் பலர். பத்து உதை உதைப்பார்கள். வியர்த்துக் கொட்டும். பதினோராவது உதையில் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிவிடும்.

வண்டிமேல் குற்றம் இல்லை. முறை தெரியாததுதான் குற்றம்.

முகப்பு விளக்குக்கு மேலே ஒரு சிறிய முள் மீட்டர் இருக்கும். அதன் பெயர் அம்மீட்டர். சாவியைத் திருப்பியதும் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் முள், ஓர் இடத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

உடனே ஹேண்டில் பாரில் உள்ள சின்னப் பிடியை இழுக்க வேண்டும். அது டீகம்பிரஷன் பிடி. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை அது வெளியே விடும். அப்போது கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, பிடியை விட்டுவிட வேண்டும். கிக்கர் மேலே வந்ததும், ஒரே சீராகக் கடைசி வரை உதைக்க வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள வண்டி ஒன்றிரண்டு உதையில் கிளம்பும். பலம் தேவை இல்லை. ஒல்லியான ஆளும் கிளப்பலாம், பெண்களும் கிளப்பலாம்.

இந்த முறைப்படி உதைத்தும் கிளம்பவில்லையா? அப்போதுதான் அது கோளாறு. பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் துடைக்க வேண்டும். அடுத்தபடி பாயிண்டைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் விரியும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லி மீட்டர் வரை இருக்க வேண்டும். இதை அளக்க மெல்லிய தகடுகள் கடையில் கிடைக்கும்.

ஆபத்தான கால் மாற்றம்

மற்ற மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில் இருக்கும். பிரேக் வலது காலில் இருக்கும். பழைய புல்லட்டில் இது தலைகீழ்! வலது காலில் கியர். இடது காலில் பிரேக்.

பழகியவருக்கு இதில் கஷ்டம் இல்லை. பழகாதவருக்கோ இது எமன்.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்க தோஷத்தால் வலது கால் கீழே மிதிக்கும். அங்கே பிரேக் இல்லை. கியர்தான் மாறும். வண்டி நிற்காது!

ஆகவே, பழைய புல்லட்டை யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளை கேட்டாலும், காலி மைதானத்தில் பல நாள் பழக்கிய பிறகே கொடுக்க வேண்டும். "அவன் ஸ்கூட்டர் ஓட்டுகிறானே, இதை ஓட்ட மாட்டானா?" என்று தாய்மார்கள் பரிந்து பேசக் கூடாது.

எண்ணெய் ஏன் சிந்துகிறது?

வாசலில் கண்ட எண்ணெய்ப் பொட்டுக்கு வருவோம். அது குணமா, கோளாறா?

கோளாறுதான். அதில் பாதி, வண்டிக்காரரே வரவழைத்துக்கொள்வது!

இந்த வண்டியின் எண்ணெய்த் தொட்டி என்ஜினோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி பல நாள் சும்மா நின்றால், தொட்டியில் உள்ள எண்ணெய் மெதுவாக என்ஜினின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். அப்போது அளவு பார்த்தால் எண்ணெய் குறைந்ததுபோலத் தெரியும். அவசரக்காரர் மேலும் எண்ணெய் ஊற்றிவிடுவார். வண்டியைக் கிளப்பியதும், இறங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வரும். இருக்கும் இடத்துக்குமேல் எண்ணெய் ஆகிவிடும். மிஞ்சியது வெளியே வழியும்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு அளவு பாருங்கள். இது ஒரு காசு செலவு இல்லாத வைத்தியம்.

இன்னொரு காரணம், மூச்சுக்குழாய். பிஸ்டன் கீழே வரும்போது அடிப்பகுதியில் உள்ள காற்று நெருக்கப்படும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி இருக்காது. பேக்கிங் பொருத்திய இடங்களில் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

பலர் பேக்கிங்கை மட்டும் மாற்றுகிறார்கள். மறு மாதமே மறுபடியும் ஒழுகுகிறது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யாமல் பேக்கிங்கை மாற்றி என்ன பயன்?

"ஒழுகினால் ஒழுகட்டும்" என்று விடவும் கூடாது. அந்த எண்ணெய் பின் டயரில் பட்டால், வளைவில் வண்டி வழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம்

குலுங்குவது வண்டியின் குணம் என்று பார்த்தோம். அந்தக் குலுக்கலால் நட்டு கழல்வது கோளாறு. குணத்தை மாற்ற முடியாது. கழலும் நட்டை முடுக்க முடியும்.

வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் போதும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வரவேண்டும். மட்கார்டு, சைலன்சர், கால் மிதி, நம்பர் பலகை ஆகியவற்றின் நட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழன்ற இடத்தில் ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்க வேண்டும்.

செயினையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்ப்பது நல்லது. செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஓர் இடத்தில் தொய்வாகவும் இன்னோர் இடத்தில் இறுக்கமாகவும் இருக்கும்.

கணவன் நட்டு முடுக்கும்போது மனைவி விளக்குகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் டயரில் முள், ஆணி குத்தியிருக்கிறதா என்று தேடலாம். வண்டியில் போவது குடும்பம். பார்த்துக்கொள்வதும் குடும்பமாக இருக்கட்டுமே!

மனிதன் செய்யும் கோளாறு

கம்பெனி செய்யாத கோளாறு ஒன்று உண்டு. வண்டிக்காரர் காசு கொடுத்துச் செய்வது அது.

அழகு போய்விடும் என்று சிலர் சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? அழகு பெரிதா, மனைவியின் உயிர் பெரிதா? பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன.

சிலர் சைலன்சரை மாற்றி ஊரையே எழுப்புகிறார்கள். நோயாளியும் கைக்குழந்தையும் தூக்கிவாரிப்போட்டு எழுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். புல்லட்டின் பெருமை அதன் உழைப்பில் இருக்கிறது, கூச்சலில் இல்லை.

மலை ஏறும் போது

இப்போது இளைஞர்கள் புல்லட்டில் லடாக் வரை போகிறார்கள். அங்கே கர்துங் லா கணவாய் 17,500 அடிக்குமேல் உயரம்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் அதே அளவில் வரும், காற்று குறையும். கரும்புகை கிளம்பும். வேகம் குறையும். பிளக்கில் கரி பிடிக்கும்.

இதைக் கண்டு பயந்து என்ஜினைப் பிரித்துப்போட வேண்டாம். அது உயரத்தின் வேலை. பிளக்கைத் துடைத்து, மெதுவாகப் போனால் போதும். அதிக நாள் அங்கே தங்குபவர்கள் சிறிய ஜெட் போடுவார்கள். கீழே இறங்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது. மறந்தால் பெட்ரோல் குறைவாகச் சென்று என்ஜின் சூடாகும்.

எதைத் தொடக் கூடாது?

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று இறங்குவதும் தவறு.

பிளக், பாயிண்ட், செயின், எண்ணெய், நட்டு ஆகியவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் கட்டை மாற்றுவது, சக்கரத்தின் கம்பிகளைச் சரி செய்வது, என்ஜினைப் பிரிப்பது ஆகியவை தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அங்கே போகும்போதும் வாய் மூடி நிற்க வேண்டாம். "எந்த உறுப்பு கெட்டது? ஏன் கெட்டது? பழையதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார்.

சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊர்களில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருப்பார். ஆனால் விரலில் அவ்வளவு வித்தை இருக்கும்! அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

புது வண்டிக்கு இது எதற்கு?

"இப்போது பட்டனைத் தொட்டால் வண்டி கிளம்புகிறது. இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம்.

உண்மைதான். 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. கார்புரேட்டர் போய்விட்டது. பெட்ரோலை அளந்து விடும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. காற்றும் இப்போது சுத்தமாகிறது. இதை வரவேற்க வேண்டும்.

ஆனால் ஒன்று. கோளாறு வந்தால், அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாத தெருவோர மெக்கானிக் கையைப் பிசைகிறார். வண்டிக்காரர் சொன்ன பில்லைக் கட்டிவிட்டு வருகிறார்.

2022-ம் ஆண்டில் மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை" என்று ஓர் இணையதளம் தொடங்கியது. மோட்டார் வாகனங்களும் அதில் அடங்கும். இந்த உரிமை ஏட்டோடு நிற்கக் கூடாது. உதிரி உறுப்புகள் நியாய விலையில் எல்லா ஊரிலும் கிடைக்க வேண்டும். கோளாறு காணும் கருவியும் பயிற்சியும் சிறிய மெக்கானிக்குகளுக்கும் எட்ட வேண்டும். வண்டியோடு தரும் கையேடு, வாங்குபவர் தாய்மொழியில் படிக்கும்படி இருக்க வேண்டும்.

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. கையேட்டைப் பிரிக்காமலே பெட்டிக்குள் போட்டுவிட்டு, "வண்டி சரி இல்லை" என்று சொல்லக் கூடாது.

புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் டயரில் காற்றை யாராவது பார்க்கத்தான் வேண்டும். செயினுக்கு எண்ணெய் போடத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்த வேலையை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது.

மாட்டு வண்டி ஓட்டியவருக்கு மாட்டின் குணம் தெரியும். எந்த மாடு இடப்பக்கம் இழுக்கும், எது தண்ணீரைக் கண்டால் நிற்கும் என்று தெரியும். அதற்காக அவர் மாட்டை வைய மாட்டார். ஆனால் குளம்பில் புண் கண்டால், அன்றே மருந்து போடுவார்.

இரும்பு வண்டிக்கும் அதே பார்வை வேண்டும். குணம் கண்டால் பழகுங்கள். கோளாறு கண்டால் அன்றே சரி செய்யுங்கள். பின்னால் உட்கார்ந்து வருவது உங்கள் குடும்பம்!