சுண்ணாம்பு படாத மெக்சிகோ

மெக்சிகோ உணவு என்ற பெயரில் நம் பக்கத்தில் பரிமாறப்படுவதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விலையைச் சொல்லவில்லை; அது தனிக்கதை.

சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு இப்படி ஒரு நாக்கு ஆசை வந்தால் மாமல்லபுரம் வரை போகவேண்டும். ஒத்தவாடைத் தெருப் பக்கம், வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் சிறு உணவகங்களின் விலைப்பட்டியலில், இத்தாலிக்கும் சீனத்துக்கும் கீழே சில இடங்களில் மெக்சிகோவும் எட்டிப் பார்க்கிறது. அண்மையில் நான் உண்ட டாக்கோ இப்படி இருந்தது: மைதாச் சப்பாத்தி, உள்ளே ராஜ்மா, துருவிய பாலாடைக்கட்டி, மேலே இனிப்பான தக்காளிக் குழம்பு. பசி தீர்ந்தது. பரிமாறிய பையனும் அன்பாகவே நடந்துகொண்டான். ஆனால் தட்டில் ஒரு மணி சோளம்கூட இல்லை.

மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை ரொட்டியும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம்மூர்த் தட்டுக்கு வந்த வழி அதுவல்ல. 1962-இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 2010-இல் பெங்களூரில் கடை திறந்த டாக்கோ பெல் போன்ற அமெரிக்கத் தொடர்க்கடைகளின் நிழல்தான் ஒத்தவாடைத் தெருவிலும் விழுகிறது. பாலாடைக்கட்டி வழிந்தால் மெக்சிகோ என்று அவர்கள் முடிவு செய்தார்கள், நாமும் தலையாட்டினோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நியம் என்று எண்ணி நாம் காசு கொடுக்கும் அந்த நாட்டின் பாதி நம் அஞ்சறைப்பெட்டியிலும் கொல்லையிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. மிளகை ஒத்த காரம் கண்டு நாம் மிளகாய் என்றோம். ஸ்பானியரும் தங்கள் மொழியில் மிளகின் பெயரைச் சற்றே திரித்துத்தான் அதற்கு வைத்தார்கள். சப்போட்டா என்று சொல்லும்போது நாம் மெக்சிகோவின் ஆதிகுடிகளது நாவாட்டில் மொழியைத்தான் பேசுகிறோம். 1962 முதல் 1968 வரை தில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ், 1995-இல் இந்தியா பற்றி எழுதிய நூலில், அவர்களுடைய மோலே என்னும் மிளகாய்க் குழம்பையும் நம் குழம்பு வகைகளையும் அருகருகே வைத்து, எது எதன் சாயல் என்று வியக்கிறார். மாணவர்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தவர் அவர். அந்தத் துறப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவருடைய நாக்கைப் பற்றிப் பேசியதில்லை.

நாம் வாங்கிக்கொள்ளாமல் விட்டது ஒரு செய்முறை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழுவி அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு ஒட்டும். ரொட்டி தட்ட வரும். அதைவிடப் பெரிய சங்கதி, சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்னும் சத்து அப்போதுதான் உடலுக்குக் கிடைக்கும். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். பலன், பெல்லாக்ரா. 1735-இல் ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் அந்நோயைக் கண்டு பதிவு செய்தார். பிறகு அது வட இத்தாலியின் ஏழை உழவர்களையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களையும் தோல் வெடிக்கவும் மனம் பேதலிக்கவும் வைத்துக் கொன்றது. பெயர் தெரியாத பெண்கள் அடுப்படியில் கண்டுபிடித்த ஒரு கைப்பக்குவத்தை மூடப் பழக்கம் என்று ஒதுக்கியதற்கு இவ்வளவு விலை. 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இச்செய்முறையையும் குறிப்பிட்டுச் சொன்னது.

சுண்ணாம்பு நமக்குப் புதிதா என்ன? கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கடற்கரை இது. வெற்றிலையில் தடவத் தெரிந்த நமக்குச் சோளத்தில் சேர்க்கத் தோன்றவில்லை. சோளமும் இல்லாமல் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியாக விளைந்து, பெரும்பகுதி நாமக்கல் கோழிகளின் தீவனமாகப் போய்ச் சேர்கிறது. வீட்டில் செய்து பார்ப்போமே என்று திருக்கழுக்குன்றத்தில் ஒரு தீவனக் கடையில் இரண்டு கிலோ கேட்டேன். "எத்தன கோழி சார் வெச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர். சமையலுக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, புடைத்துச் சுத்தமாக இருந்த வேறொரு மூட்டையைப் பிரித்தார். காசு மட்டும் அதே காசு.

பசிபிக் கடலை ஒட்டிய பாஹா தீபகற்பத்தில், என்சனாடா என்றொரு துறைமுக ஊர். மாவில் தோய்த்துப் பொரித்த மீனைச் சோள ரொட்டியில் மடித்து, கோசும் சல்சாவும் வைத்துத் தெருவோரம் விற்பார்கள். சதுரங்கப்பட்டினக் குப்பத்தில் காலையில் இறங்கும் சங்கராவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இருக்கமுடியுமா? பாலாடைக்கட்டி இல்லை, குளிர்பெட்டி இல்லை, இறக்குமதிப் புட்டி இல்லை. டச்சுக் கோட்டைக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி போதும். கல்பாக்கம் நகரியத்தில் இந்தியாவின் எல்லா மாநில நாக்குகளும் இருக்கின்றன, வாடிக்கைக்குக் கவலையில்லை.

யாரேனும் முன்வந்தால் கணக்கு இதுதான்: ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் அளவு நீற்றிய சுண்ணாம்பு, உண்ணத்தக்க தரத்தில். முக்கால் மணி நேரம் வேகவிட்டு மறுநாள் காலை வரை மூடிவைத்து, நன்றாகக் கழுவி, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக ஆட்ட வேண்டும். தோசைக்கல்லே போதும், எண்ணெய் வேண்டாம்.