கைமருந்து: சிங்கோனாப் பட்டை

சகோதரிகளே, நுவரெலியாவுக்கு அருகே உள்ள ஹக்கலப் பூந்தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டது பூவுக்காக அல்ல. சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க. மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் அதன் பட்டையில்தான் இருக்கிறது. 1869இல் வந்த இலைநோயால் கோப்பி அழிய, துரைமார் இதை மலையெங்கும் நட்டார்கள். பட்டை மலிந்து விலை விழுந்ததும் தேயிலைக்கு மாறினார்கள்.

'காய்ச்சலென்றால் கசப்புப் பட்டையை அவித்துக் குடி' என்று இன்றைக்கும் சொல்வாருண்டு. கேட்காதீர்கள். டெங்குவுக்கோ எலிக்காய்ச்சலுக்கோ இது மருந்தல்ல. பட்டைக்குப் பட்டை குயினைன் அளவும் மாறும். கசாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது? கூடிவிட்டால் காது இரையும், கண் மங்கும், இதயத்துடிப்புத் தடுமாறும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனாலும் இந்தியாவோ ஆப்பிரிக்காவோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், பயணத்தைச் சொல்லி ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் பாருங்கள்.