டீக்கடைக்கு எதுக்குங்க ஸ்டார் ரேட்டிங்?

அபிராமபுரத்தில் எட்டடி அகலத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாய்லர், ஒரு பெஞ்ச், நாலு பிஸ்கட் பாட்டில், கசங்கிப் போன ஒரு தினத்தந்தி. அந்தக் கடைக்கு ஒரு நாள் டக்-இன் பண்ணிய தம்பி ஒருவர் வருவார். "அண்ணே, உங்க கடையை ஆன்லைன்ல லிஸ்ட் பண்ணித் தர்றோம். ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி, மயிலாப்பூர்னு எங்க தேடினாலும் உங்க கடைதான் மொதல்ல வரும். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம்தாண்ணே" என்பார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஊரே செல்போனைப் பார்த்துக்கொண்டுதானே நடக்கிறது?

தொகை ஆளுக்கு ஆள் மாறும், அதை விடுங்கள். 12,000 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு கிளாஸ் டீக்குப் பால், தூள், சர்க்கரை, காஸ் எல்லாம் போக 4 ரூபாய் கையில் நிற்கிறது என்றால், 12,000 ரூபாய்க்கு 3,000 டீ ஆற்ற வேண்டும். நாளொன்றுக்கு எட்டு டீ. ப்பூ, எட்டுதானே என்று தோன்றும். ஆனால் இந்த எட்டு டீயும் ஏற்கனவே வருகிறவர்கள் குடிப்பது இல்லை, லிஸ்டிங்கைப் பார்த்து வந்தவர்கள் குடிக்கிற டீ. அதுவும் வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வாடகைக்கும் மாஸ்டர் சம்பளத்துக்கும் இதில் ஒரு பைசாகூட எடுத்து வைக்கவில்லை. முதலில் அந்தத் தம்பியின் கம்பெனிக்கு எட்டு டீ, அப்புறம்தான் கடைக்காரருக்கு.

இந்த டைரக்டரி வியாபாரம் எதற்காக உண்டானது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஜஸ்ட் டயல் 1996ல் ஆரம்பித்தது. அப்போது இன்டர்நெட்டெல்லாம் பெரிதாகக் கிடையாது. போன் பண்ணி "பக்கத்துல பிளம்பர் யாராவது இருக்காங்களா" என்று கேட்டால் நம்பர் சொல்வார்கள், அவ்வளவுதான். அருமையான ஐடியா, சந்தேகமே இல்லை. குழாய் உடைந்தவனுக்கு எந்த பிளம்பரையும் தெரியாது, ஆனால் இப்போதே ஆள் வேண்டும். வீடு மாற்றுகிறவனுக்கு லாரி வேண்டும். இவர்கள் தேடுவார்கள், போன் செய்வார்கள், ஒரு வேலை பிடித்தால் பிளம்பருக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அந்த ஆயிரத்தில் நூறு இருநூறை டைரக்டரிக்குக் கொடுப்பது நியாயம். காசு கட்டினவர் பெயர் முன்னால், கட்டாதவர் பெயர் பின்னால் என்பதில் ஒளிவுமறைவும் கிடையாது, அதுதான் அவர்கள் தொழிலே. 2013ல் பங்குச் சந்தைக்கு வந்து, 2021ல் ரிலையன்ஸ் கைக்குப் போகிற அளவுக்கு வளர்ந்த தொழில்.

ஆனால் டீக்கடைக்கு யாராவது போன் பண்ணி, "அண்ணே, ஒரு டீ என்ன விலை, எப்ப வரலாம்?" என்று கேட்பார்களா? :-)

டீ குடிக்க வருகிறவன் நடந்து வருகிறவன். சி.பி. ராமசாமி சாலையில் ஆட்டோவை ஓரம் கட்டுகிறவர், செயின்ட் மேரீஸ் ரோட்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர், காலையில் பேப்பர் போடும் பையன், ஆபீசில் மேனேஜர் கண்ணில் படாமல் பத்து நிமிஷம் தப்பித்து வருகிறவர். இவர்களுக்குக் கடை எங்கே என்று தெரியும். தெரியாவிட்டால் பாய்லர் ஆவியும் நாலு பேர் நிற்பதும் காட்டிக்கொடுக்கும். டீக்கடையின் பழைய விளம்பரங்கள் மூன்று: பெஞ்ச், ரேடியோ, ஓசிப் பேப்பர். ஒரு தினத்தந்தி வாங்கிப் போட்டால் எத்தனை பேர் உட்கார்ந்து படிப்பார்கள், படித்துவிட்டு எத்தனை பேர் சண்டை போடுவார்கள், சண்டை முற்றினால் எத்தனை டீ ஓடும்! எந்த லிஸ்டிங் பேக்கேஜும் அந்தப் பேப்பருக்கு ஈடாகாது.

பெரிய இடத்து உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமி, டி.டி.கே. ரோடு நாரத கான சபா பக்கம் போய்ப் பாருங்கள். யார் பாடுகிறார்கள் என்பதற்கு முன்னால் இந்த வருஷம் கேன்டீன் யார் என்று விசாரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அறுசுவை நடராஜன் பெயர் வீடு வீடாகப் போனது எந்த டைரக்டரியாலும் அல்ல. ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டவர் இன்னொரு கல்யாண வீட்டில் சொன்னார், அவ்வளவுதான்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போ ஸ்டார்தான் எல்லாம்" என்று ஒரு பதில் வரும். அதில் பாதி உண்மை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓட்டல்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவை வாங்கிய ஸ்டாரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். சங்கிலிக் கடைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் "பார்த்தீங்களா!" என்கிறார்கள். ஆனால் அது உட்கார்ந்து சாப்பிடுகிற, பில் பெரிதாக வருகிற ஓட்டல்களின் கதை. பதினைந்து ரூபாய் டீக்கு யாரும் விமர்சனம் படித்துவிட்டு வருவதில்லை. அப்புறம், ஸ்டாருக்குக் காசு மதிப்பு வந்த நிமிஷமே பொய் ஸ்டாருக்கும் சந்தை வந்துவிடுமே!

வந்தும் விட்டது. 2017ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையை ஓட்டல் என்று டிரிப் அட்வைசரில் பதிந்தார். சமையல் கிடையாது, மேஜை கிடையாது. நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுத வைத்தார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை லண்டனின் நம்பர் ஒன் ஓட்டல் ஆகிவிட்டது! ஜனங்கள் டேபிள் கேட்டுப் போன் மேல் போன். இங்கே நம் பசங்க ஒரு சமோசாவுக்கு அஞ்சு ஸ்டார் போடுகிறார்களே, அதுவும் இதே ஜாதிதான், அளவுதான் சின்னது. ஆன்லைன் விமர்சனங்களுக்காக 2022ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டு வந்தது. விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற ரகம். விருப்பப்படாதவர்கள்தானே பிரச்சனை?

புகழ் மட்டும் ஒரு கடையைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் கதீட்ரல் ரோட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். 1962ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்கு யாராவது விலாசம் சொல்ல வேண்டியிருந்ததா? காரிலேயே உட்கார்ந்து காபி குடித்த தலைமுறைகள் உண்டு. 2008ல் மூடினார்கள். காபி கெட்டுப் போனதால் அல்ல, காலடி நிலம் கைவிட்டுப் போனதால். 2010ல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தது. சின்னக் கடைக்காரரின் ராத்தூக்கத்தைக் கெடுப்பதும் வாடகையும் பால் விலையும்தான். அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பால்காரர் பாக்கிக்குக் கொடுத்தால் அவராவது நாளைக்கு நேரத்துக்கு வருவார்.

அப்போ ஆன்லைனே வேண்டாமா? வேண்டும். காசு கொடுக்காமல் வேண்டும். கூகுள் மேப்பில் கடையைப் பதிய ஒரு ரூபாய் கிடையாது. யார் வேண்டுமானாலும் கடையைச் சேர்த்துவிடலாம், விவரத்தை மாற்றச் சொல்லியும் கை நீட்டலாம். அதனாலேயே, கடைக்காரரே அதைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வது அவசியம். 2018ல் பாங்க் ஆப் இந்தியா கிளைகளின் போன் நம்பரையே மேப்பில் மோசடிக்காரர்கள் மாற்றி வைத்து ஜனங்களை ஏமாற்றினார்கள், போலீஸ் வரை போனது. பேங்குக்கே அந்தக் கதி. டீக்கடை ஜி-பே நம்பருக்கு என்ன காவல்?

மேப்பைப் பார்த்து வருகிறவர்களும் உண்டுதான்: சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்தவர், பார்சல் கொடுக்கிற பையன், நேற்றுக் குடிவந்தவர். லஸ், மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்தபோது பின்னால் மாட்டிக்கொண்ட கடைகளுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி உதவியிருக்கும். இவர்களுக்கு ஸ்டார் தேவையில்லை. கடை திறந்திருக்கிறதா, சந்தில் எந்தப் பக்கம், அவ்வளவுதான்.

ஆக, பதிகிறவர் பார்க்க வேண்டியது சில்லறை விஷயங்கள். ஏரியா என்ற இடத்தில் மயிலாப்பூர் என்று போட்டுவிட்டு அபிராமபுரத்தில் ஆள் வரவில்லையே என்று அழக்கூடாது. இங்கிலீஷில் அபிராமபுரத்துக்கு 'எச்' போட்டு ஒரு ஸ்பெல்லிங், போடாமல் ஒரு ஸ்பெல்லிங். கடை போர்டில் எது இருக்கிறதோ அதுவே மேப்பிலும் இருக்கட்டும், கூடவே தமிழிலும் பெயர் போட்டுவிடலாம். (போர்டில் என்ன எழுதுவது என்பது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்.) காலை 5 மணிக்குத் திறக்கிற கடையை மேப் 9 மணி என்று காட்டினால், அந்த நாலு மணி நேரமும் மேப்பை நம்புகிற ஆள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான். இதைத் திருத்தப் பன்னிரண்டாயிரம் வேண்டாம். கல்லூரியில் படிக்கிற பையனோ பொண்ணோ ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்து கொடுத்துவிடலாம், அந்த டீக்குக் காசும் கொடுத்துவிட்டு.