எந்திரமும் எழுத்தும்

மாணவர்கள் செய்யும் ரோபோக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மோட்டார், பேட்டரி, நிரல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அங்கே மொழிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் கற்பிக்கும் நமக்கு இக்கேள்வி பழகிப்போன ஒன்றுதான். எந்திரத்தைச் செய்து முடித்த பிறகு, கடைசி இரவில் அவசரமாக எழுதிச் சேர்க்கும் சில பக்கங்களே மொழியின் பங்கு என்பது பரவலான எண்ணம். அது பிழையான எண்ணம் என்பதே நம் கருத்து. இதற்குச் சான்றாக அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டியைச் சொல்லலாம்.

கடல்சார் தொழில்நுட்பக் கல்விக்கான மேட் மையம் 2004 ஜூன் மாதத்தில் நீரடி ரோபோப் போட்டி ஒன்றை நடத்தியது. போட்டி நடந்த இடம் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா. குளத்துக்குள் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியை அளப்பது, அடியிலுள்ள கலத்திலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுப்பது போன்ற பணிகள் ரோபோவுக்குத் தரப்பட்டன. கல்லூரிகளுக்கான பிரிவில் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் கலந்துகொண்டது. அதே பிரிவில், அரிசோனாவின் பாலைநில நகரமான ஃபீனிக்ஸிலிருந்து கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வரும் வந்து நின்றனர். மெக்ஸிகோவில் பிறந்து சிறுவயதிலேயே எல்லை கடந்து வந்த அவர்களுள் பெரும்பாலோரிடம் குடியிருப்பு ஆவணங்கள் இல்லை. எப்படியும் தோற்கப்போகிறோம், அப்படியானால் பெரியவர்களிடமே தோற்போம் என்று எண்ணித்தான் ஆசிரியர்கள் ஃப்ரெடி லஜ்வார்டியும் ஆலன் கேமரனும் அவர்களைக் கல்லூரிப் பிரிவில் சேர்த்திருந்தனர்.

மாசசூசெட்ஸ் அணியின் செலவு ஏறத்தாழ 11,000 டாலர். இவர்களுடையது 800 டாலர் அளவே. விலை குறைவு என்பதால் பி.வி.சி. குழாய்களால் சட்டகம் அமைத்தார்கள். குழாய்களுக்குள் அடைபட்ட காற்றே மிதப்பதற்கும் உதவியது. ஒட்டுப்பசையின் நெடியால் அந்த ரோபோவுக்கு 'ஸ்டிங்கி', அதாவது நாற்றமடிப்பவன், என்று பெயர் வைத்தார்கள். மின்சுற்றுகள் நீர்புகாப் பெட்டி ஒன்றில் இருந்தன. போட்டிக்களத்தில் அப்பெட்டி கசியவே, கடைக்கு ஓடி டாம்பன்களை வாங்கி வந்து உள்ளே வைத்து நீரை உறிஞ்சச் செய்தார்கள். அறுந்த கம்பிகளை இரவெல்லாம் விழித்திருந்து பற்றவைத்தார்கள்.

இந்த டாம்பன் கதைதான் எங்கும் பேசப்படுகிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தயாரிப்புக் காலத்தில் அம்மாணவர்கள் தங்களுக்குத் தெரியாதவற்றைத் துறை வல்லுநர்களுக்குத் தொலைபேசி செய்து கேட்டார்கள். வல்லுநரிடம் கேட்பதற்கு முதலில் தன் ஐயத்தைத் தெளிவான வாக்கியமாக்க வேண்டும். விடையை விளங்கிக்கொண்டு நண்பர்களுக்கும் விளக்க வேண்டும். இப்படிப் பேசிப் பேசியே ஒவ்வொரு உறுப்பும் அங்கே ஏன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் துலங்கியது. படக்காட்சித் தட்டிகள் ஏன் கொண்டுவரவில்லை என்று நடுவர் ஒருவர் வினவியபோது, என்ன சொல்வதென்று தெரியாதவர்களுக்குத்தான் அவை தேவை என்ற பொருளில் ஒரு மாணவர் விடை சொன்னாராம்.

நீருக்கடியில் செய்த பணிகளை மட்டும் கணக்கிட்டிருந்தால் முதலிடம் அவர்களுக்குக் கிட்டியிராது. நடுவர்களுடனான நேர்காணலுக்கும் தொழில்நுட்ப அறிக்கைக்கும் தனி மதிப்பெண்கள் இருந்தன. முடிவில் வடிவமைப்புக்கான பரிசு, தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசு, ஒட்டுமொத்த முதலிடம் ஆகிய மூன்றும் கார்ல் ஹேடனுக்குக் கிடைத்தன. மாசசூசெட்ஸ் இரண்டாம் இடம் பெற்றது. ஸ்பானியம் பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கான பரிசையும் வென்றார்கள் என்பது சிறிய செய்தியன்று.

நல்ல அறிக்கை ஓடாத எந்திரத்தை ஓட வைத்துவிடுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வைக்காதுதான். ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு எழுத்தில் விடை காண முயலும் மாணவன், தன் எந்திரத்தில் காரணமின்றி ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பை அங்கேயே கண்டுகொள்கிறான். எழுத வராத இடம் பெரும்பாலும் புரியாத இடமே. ஆகவே அறிக்கை எழுதும் வேலை பட்டறை திறக்கும் முதல் நாளிலேயே தொடங்கவேண்டும்; நன்றாக எழுதும் ஒருவன் தலையில் மட்டும் அதைச் சுமத்தாமல், அணியில் உள்ள அனைவரும் எழுதவேண்டும்.

வெற்றிக்குப் பின் நடந்தது அத்தனை இனிமையானதன்று. ஆவணமற்ற மாணவர்களுக்கு மாநிலத்தவருக்கான குறைந்த கல்விக் கட்டணத்தை மறுக்கும் சட்டத்தை அரிசோனா வாக்காளர்கள் 2006இல் நிறைவேற்றினார்கள். நால்வருள் ஒருவர் 2009இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றபின், தாமே மெக்ஸிகோ திரும்பி முறைப்படி அனுமதி கோரினார். மறு ஆண்டு அது கிடைத்தது. பின்னர் அமெரிக்கப் படைவீரராக ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார். அரிசோனாப் பள்ளிகளில் படித்துத் தேறியவர்களுக்கு அந்தக் கட்டணத் தடை 2022இல், மற்றொரு வாக்கெடுப்பின் வழியாகத்தான் நீங்கியது.

2005இல் இவர்களைப் பற்றி ஜோஷுவா டேவிஸ் எழுதிய கட்டுரையைப் படித்த வாசகர்கள் அவர்களின் கல்விக்காக நிதி திரட்டினார்கள். குளத்தில் ஓடிய ரோபோவை நேரில் பார்த்தவர்கள் சிலரே. அதைச் செய்தவர்கள் யார், அவர்களுக்கு எது மறுக்கப்படுகிறது என்பதை மற்றவர்கள் எழுத்தின் வழியாகவே அறிந்தார்கள். எந்திரத்துக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று நம்மிடம் கேட்போருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே.