சாக்கடையைச் சுத்தம் செய்யும் கிருமிப் படை! அதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டாமா?

"கிருமி" என்றாலே நோய்தான் நினைவுக்கு வரும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று வரிசையாகச் சொல்லிப் பயப்படுவார்கள்.

ஆனால், எல்லாக் கிருமிகளும் எதிரிகள் அல்ல. பாலைத் தயிர் ஆக்குவது கிருமி. இட்லி மாவைப் பொங்க வைப்பது கிருமி. ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைத் தெளிய வைப்பதும் கிருமிதான்!

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம் ஆகிய இடங்களில் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பெரிய நிலையங்கள் உள்ளன. அங்கே மோட்டார்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஆனால் அழுக்கைத் தின்பது மோட்டார் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கிருமிகள்! கோயம்பேட்டில் சுத்தமாகும் நீரில் ஒரு பகுதி, மீண்டும் வடிகட்டப்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறவர்கள் யார் யார்? பத்துப் பேர் வேலை செய்யும் கடையில்கூட ஆஜர் பட்டியல் உண்டு. கோடிக் கணக்கில் வேலை செய்யும் இந்தப் படைக்கு அது வேண்டாமா? அவசியம் வேண்டும்!

மான்செஸ்டரில் பிறந்த முறை

இந்த முறை பிறந்த ஊர், இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர். ஆண்டு 1914. ஆர்டன், லாக்கெட் என்ற இரு ரசாயன நிபுணர்கள் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். பிறகு அடியில் படிந்த சேற்றைக் கொட்டிவிடாமல், அடுத்த தடவை வந்த சாக்கடை நீரில் அதையே கலந்தார்கள்.

என்ன ஆச்சரியம்! வாரக் கணக்கில் நடந்த வேலை, மணிக் கணக்கில் முடிந்தது.

காரணம், அந்தச் சேறு வெறும் சேறு அல்ல. அது கிருமிகளின் குடியிருப்பு. காற்றில் உள்ள பிராணவாயு கிடைத்ததும் அவை அழுக்கைத் தின்று பெருகின. தோசைக்கு அரைத்த மாவில் பழைய மாவைக் கொஞ்சம் கலப்பது போலத்தான் இது.

அந்த இருவருக்கும் வழி காட்டியவர் கில்பர்ட் பௌலர். அவர் 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே ஆசிரியராக வந்தார். ஆகவே, இந்த வித்தை நமக்குப் புதியது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு!

ஆளுக்கு ஒரு வேலை

இந்தப் படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. சிறுநீரில் இருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகைக் கிருமி மாற்றும். அது மாற்றியதை இன்னொரு வகை மேலும் மாற்றும். மூன்றாவது வகை அதை வெறும் காற்றாக்கி வெளியே அனுப்பிவிடும். பாஸ்பேட் உப்பை விழுங்கி வயிற்றில் சேர்த்து வைக்கும் வகையும் உண்டு.

படைக்குள்ளே கலகக்காரரும் உண்டு. நூல் போல நீளும் சில கிருமிகள் அளவுக்கு மேல் பெருகினால், சேறு அடியில் படியாது. தொட்டியின் மேல் நுரை தள்ளும். அழுக்கு, சுத்தமான நீரோடு சேர்ந்து வெளியேறும்.

எல்லாவற்றையும் ஆராய்ச்சி சாலையில் வளர்த்துப் பார்க்கலாமே என்றால், பெரும்பாலானவை அங்கே வளர்வதே இல்லை. 1975-ல் ஐக்கெல்பூம் என்ற டச்சு விஞ்ஞானி, நூல் கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகை பிரித்தார். பெயர் தெரியாதவற்றுக்குப் போலீஸ்காரர் நம்பர் போல எண் கொடுத்தார். "0041", "021 என்" என்று இன்றும் அவற்றை அழைக்கிறார்கள்!

டென்மார்க் போட்ட ஜாபிதா

இப்போது வேறு வழி வந்துவிட்டது. மனிதனுக்குக் கைரேகை இருப்பது போல, ஒவ்வொரு கிருமிக்கும் உடலுக்குள் ஒரு மரபு எழுத்து உண்டு. அதைப் படித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். வளர்த்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தார் இந்த வழியில் ஒரு மாபெரும் ஜாபிதா தயாரித்தார்கள். அதன் பெயர் "மைதாஸ்". 31 நாடுகளில் 740 நிலையங்களின் கிருமிகளை ஆராய்ந்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளைப் படித்தார்கள். 2022-ல் அதை உலகுக்கு வெளியிட்டார்கள்.

அதில் தெரிந்தது என்ன? முக்கியமானவை சுமார் 1,530 இனங்கள். கூட்டத்தில் ஏறக்குறையப் பாதி இவைதான். ஆனால் ஊரும் தட்பவெப்பமும் மாறினால் கிருமிக் கூட்டமும் மாறுகிறது. ஆகவே, டென்மார்க் ஜாபிதா ஒரு நல்ல அகராதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்!

பெயர் தெரிந்து என்ன பயன்?

"தண்ணீர் தெளிந்தால் போதாதா? பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

காய்ச்சல் என்று வருகிறவர் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியரிடம் யார் போவார்கள்? தொட்டியில் நுரை கண்டதும் குளோரின் கொட்டினால், கலகக்காரனோடு நல்ல வேலைக்காரனும் சாவான். யார் கலகம் செய்கிறான் என்று தெரிந்தால், அவனை மட்டும் அடக்க வழி தேடலாம்.

ஆள் தெரியாததால் வந்த ஆபத்துக்கு டில்லியே சாட்சி. 1955 கடைசியில் யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. குளோரின் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கிருமிகள் செத்தன. தெரியாத ஒன்று தப்பிவிட்டது! சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது "ஹெபடைடிஸ் ஈ" என்ற வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. மூடிய கழிவுத் தொட்டியில் காற்று இல்லாமல் வாழும் கிருமிகள் விஷ வாயுவை உண்டாக்குகின்றன. உள்ளே இறங்கிய ஏழைத் தொழிலாளிகள் மூச்சு முட்டிச் சாகிறார்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. தொட்டிக்குள் யார் வாழ்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை ஊரார் தெரிந்துகொண்டால், "சும்மா இறங்கு" என்று ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்ல வாய் வருமா?

மலையில் தொடங்கட்டும்!

இந்த வேலையை எங்கே தொடங்கலாம்? ஏற்காட்டிலேயே தொடங்கலாம்!

வெள்ளக்கடை முதலிய ஊர்களைக் கொண்ட சேர்வராயன் மலை, காப்பித் தோட்டங்களுக்குப் பேர் போனது. காப்பிப் பழத்தின் தோலை நீக்கி, கொட்டையின் வழவழப்பு போகப் புளிக்க வைத்துக் கழுவுவது ஒரு முறை. புளிக்க வைப்பதும் கிருமிதான். கழுவிய நீரில் சர்க்கரையும் புளிப்பும் மிகுதி. அப்படியே ஓடையில் விட்டால், தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகும். சுண்ணாம்பு சேர்த்து, தொட்டியில் தேக்கி, கிருமிகளிடம் ஒப்படைத்தால் நீர் தெளியும்.

தோட்டங்கள் மட்டுமா? ஏரியைச் சுற்றிலும் விடுதிகள். கோடையில் கூட்டம். மலையில் விடும் கழிவு மலையிலேயே தங்காது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. மேலே செய்யும் அசட்டையைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்!

இதே ஏற்காட்டில் 1963-ல் இந்தியத் தாவர ஆய்வுத் துறை ஆர்க்கிட் செடிகளுக்கு ஒரு தோட்டம் அமைத்தது. காட்டுச் செடிகளைத் தேடி எடுத்துப் பெயர் எழுதி வளர்த்தார்கள். நல்ல காரியம். அழகான பூவுக்குப் பெயர்ப் பலகை எழுதிய மலையில், அழுக்கைத் தின்னும் கிருமிக்கும் ஒரு ஏடு திறக்கலாமே?

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் மழைக் காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை, தொட்டிச் சேற்றில் ஒரு குப்பி எடுத்துப் பக்கத்துக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதட்டும். சிலவற்றின் மரபு எழுத்தைப் படிக்கட்டும். எல்லாவற்றையும் தமிழிலே ஒரே ஏட்டில் சேர்த்து, நிலையத்துத் தொழிலாளியும் படிக்கும்படி அரசாங்கம் அச்சிடட்டும்.

செலவு ஆகும். உண்மை. ஆனால் ஒரு நிலையம் கெட்டு, ஒரு நதி நாறி, ஒரு ஊருக்கு நோய் வந்தால் ஆகும் செலவை யார் கணக்குப் போடுவது?

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. கழிப்பிடத்தில் ஆசிட்டையும் பினாயிலையும் குடம் குடமாகக் கொட்டினால், தொட்டியில் உழைக்கும் கிருமிகள் மடியும். அளவோடு போதும்.

சம்பளம் கேட்காமல் இரவு பகல் உழைக்கும் படை அது. அதன் பெயரையாவது தெரிந்துகொள்வது மனிதனின் கடமை!