சாய்ஸில் விட்ட கேள்வி

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வரும் போன்கால்கள் இரண்டே ரகம். ஒன்று, யாராவது போய்விட்டார்கள். இன்னொன்று, வெளிநாட்டு நண்பனுக்கு இப்போதுதான் ஆபீஸ் முடிந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது இரண்டாவது.

"டேய், டி-டெஸ்ட் ஞாபகம் இருக்காடா?"

மான்செஸ்டரில் இருக்கும் என் பி.காம். சிநேகிதன். பிஸினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பரீட்சையில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் தோள் வழியாகவே பாஸ் பண்ணியவன். டி-டெஸ்ட் கடைசி யூனிட். நான் அதை சாய்ஸில் விட்டேன். நான் விட்டதால் அவனும் விட்டான்.

"எதுக்குடா இப்போ?"

"பீருக்கு."

போனை வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அவன் குடித்திருக்கவில்லை. காய்ச்சிக் கொண்டிருந்தான்.

பதறாதீர்கள். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிப்பது சட்டப்படி சரி. 1963 பட்ஜெட்டில் அதற்கான லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். விற்றால்தான் வம்பு. நம்மூரில் இதே காரியத்தைச் செய்தால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வந்து கதவைத் தட்டும். எனவே கீழே வரும் அளவுகளை ஒரு மான்செஸ்டர் வீட்டுக் கதையாகவே படிக்கவும். சமையல் குறிப்பாகக் கத்தரித்து வைத்துக்கொண்டு, மாட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

அவன் தயாரிப்பது சாதாரண பீர் இல்லை, ஸ்டவுட். கன்னங்கரேலென்று, மேலே நுரையோடு, கும்பகோணம் டிகிரி காபியை கண்ணாடி கிளாஸில் ஊற்றிய மாதிரி இருக்கும். நிறத்தைப் பார்த்து ரொம்ப ஸ்ட்ராங் என்று நினைப்பீர்கள். கிடையாது. உலகத்துக்கே தெரிந்த அந்த டப்ளின் ஸ்டவுட்டில் ஆல்கஹால் சுமார் 4 சதவிகிதம்தான். நம்மூர் 'ஸ்ட்ராங்' பாட்டில்களில் பாதி.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? வறுத்த பார்லியிலிருந்து. 1817-ல் டேனியல் வீலர் என்பவர் லண்டனில் ஒரு டிரம் வறுப்பானுக்குப் பேடண்ட் வாங்கினார். நம் காபிக்கொட்டை வறுக்கிற மெஷினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதற்கப்புறம் கொஞ்சம் கருக வறுத்த தானியத்தைப் போட்டாலே மொத்த பீப்பாயும் கறுத்துவிடும் என்றாயிற்று. வறுத்த பார்லி என்பது ஸ்டவுட்டுக்குச் சிக்கரி மாதிரி. அளவோடு போட்டால் மணம். கை தவறினால் அடுப்புக்கரி.

முதல் தடவை அவன் கடையில் டப்பா வாங்கி, தண்ணீர் விட்டு, ஈஸ்ட் தூவி வைத்தான். ஹோட்டல் மூன்றாம் டிக்காக்ஷன் மாதிரி வந்தது.

இரண்டாம் தடவை அவசரம். புளிப்பது முடிவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட்டான். லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை போட வேண்டிய இடத்தில் குத்துமதிப்பாகப் போட்டது வேறு. பாட்டிலுக்குள் ஈஸ்ட் தன் வேலையைத் தொடர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மாடிப்படிக்குக் கீழே டமால், டமால். பக்கத்து வீட்டுக்காரர் பைஜாமாவோடு வெளியே வந்துவிட்டார். கார்ப்பெட்டில் கறுப்பாக ஒரு இலங்கை வரைபடம். அவன் மனைவி அன்று ஒன்றும் பேசவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றான்.

மறுநாளே ஹைட்ரோமீட்டர் வாங்கினான். நம்மூர் பால்காரருக்கும் மாமிகளுக்கும் நடுவே யுத்தம் மூட்டிய லாக்டோமீட்டரின் தம்பி அது. ஆரம்பத்தில் 1.044 காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கி 1.011 பக்கம் வந்து நின்று, இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால்தான் பாட்டில். நாம் இட்லி மாவைப் பானையைப் பார்த்தே சொல்லிவிடுவோம். வெள்ளைக்காரனுக்கு மீட்டர் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தடவை வறுத்த பார்லி ஒரு கிலோ. சாம்பல். நாலாவது பற்றி அவன் சொல்ல விரும்பவில்லை. ஐந்தாவது, ஆறாவதில்தான் ஒரு நிலைக்கு வந்தான்.

20 லிட்டருக்குக் கணக்கு இது. முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், 3 கிலோ. அவல் மாதிரித் தட்டிய பார்லி 800 கிராம். உடம்பும் நுரையும் அதனால். வறுத்த பார்லி 400 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. இவற்றை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடிகட்டிய நீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ 60 கிராம். ஆற வைத்து, ஈஸ்ட் போட்டு, 18-லிருந்து 20 டிகிரிக்குள் இரண்டு வாரம். அப்புறம் பாட்டிலில் இரண்டு, மூன்று வாரம். ஒரு தப்பு கண்டுபிடிக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது பாருங்கள். தோசை என்றால் அடுத்த கரண்டியிலேயே திருத்திவிடலாம்.

ஏழாவது தடவைதான் சிக்கல். ஏழு பிரமாதம், ஆறைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்றான். ஐந்து பேருக்குக் கொடுத்துப் பத்துக்கு மார்க் வாங்கியிருக்கிறான். சராசரி ஏறியிருக்கிறது. இதை 'விஞ்ஞானபூர்வமாக' நிரூபித்து ஒரு பேப்பரில் எழுதித் தரவேண்டுமாம் நான்.

ஏன் பேப்பர்? அதை மழுப்பினான்.

வேறு வழியில்லாமல் சாய்ஸில் விட்ட யூனிட்டைத் தூசி தட்டிப் படித்தேன். படித்தால், ஸார், தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த டி-டெஸ்டே ஸ்டவுட் கம்பெனியில் பிறந்ததுதான்!

டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-ல் ஒரு மதுவடிசாலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 45 பவுன், 9,000 வருஷக் குத்தகை. (என் ஹவுஸ் ஓனர் 11 மாசத்துக்கு மேல் ஒரு நாள் எழுதமாட்டார்.) அந்த கம்பெனியில் 1899-ல் வில்லியம் கோசெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியிலும் ஹாப்ஸிலும் எது உசத்தி என்று பரிசோதிப்பது வேலை. பிரச்னை என்னவென்றால், கையில் நாலைந்து ஸாம்பிள்தான் இருக்கும். அன்றைய புள்ளியியல் நூற்றுக்கணக்கில் கேட்டது. நாலே நாலை வைத்து எவ்வளவு தைரியமாகப் பேசலாம்? அதுதான் கோசெட்டின் கேள்வி. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் வேறொருவர் அளந்து வைத்திருந்தார். அதை 3,000 அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, நாலு நாலாக 750 கூறு போட்டுத் தன் கணக்கைச் சரிபார்த்தார். 1908-ல் கட்டுரை வந்தது. சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி அனுமதிக்கவில்லை என்பதால் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்து. ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட் என்றால் மாணவர்களை வதைக்கும் டெஸ்ட் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஸார் மட்டும் "இது பீர் கணக்குடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மொத்த கிளாஸும் சென்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறுக்கும் ஏழுக்கும் ஐந்து பேர் போட்ட மார்க் வித்தியாசம்: இரண்டு கூடுதல், ஒன்று கூடுதல், ஒன்று கூடுதல், பூஜ்யம், ஒன்று குறைவு. சராசரி 0.6. டி-யின் மதிப்பு 1.18 வந்தது. டேபிளில் 2.78-ஐத் தாண்டினால்தான் பேச முடியும். அந்த இரண்டு கூடுதல் யார் போட்டது என்று விசாரித்தேன்.

"நான்தான்" என்றான்.

"எந்த பாட்டில் எதுன்னு தெரிஞ்சேவா குடிச்சே?"

"நான் காய்ச்சினது எனக்குத் தெரியாதா?"

இரண்டும் ஒன்று என்று டி-டெஸ்ட் சொல்லவில்லை; ஏழு உசத்தி என்று சொல்ல இந்த ஆதாரம் போதாது என்கிறது, அவ்வளவுதான் என்றேன். "நாக்குக்குத் தெரியுதுடா, உன் டேபிளுக்கு நாக்கு இருக்கா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அடுத்த கால் அவன் மனைவி.

"அண்ணா, அவர் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார். திங்கட்கிழமை ஒரு ஷெட்டுக்கு லீஸ் கையெழுத்துப் போடறார். வேலையை விட்டுட்டு இதையே தொழிலா பண்ணப் போறாராம். வீடு வாங்க வெச்சிருந்த அட்வான்ஸ் பணம் அண்ணா அது. நீங்க எழுதித் தர்ற பேப்பரை பாங்க்ல காட்டணுமாம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாய்ஸில் விட்டவன் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பத்தின் வீடு!

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் நடத்துங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முறை சுலபம். ஒருவருக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே சரக்கு, மூன்றாவதில் மற்றது. எது வேறு என்று சொல்லவேண்டும், அவ்வளவே. கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். ஊற்றுகிறவர் ஒருவருக்குத்தான் ரகசியம் தெரியவேண்டும். அவர் கிளாஸுக்கு அடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். ஆறுக்குச் சிவப்பு, ஏழுக்குக் கறுப்பு.

நான் வீடியோ காலில் அம்பயர்.

தெருக்கோடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர்தான் முதல் ஆள். இளவயதில் இலங்கையின் லயன் ஸ்டவுட் குடித்துப் பழகிய நாக்கு. மூன்றையும் நிதானமாகச் சப்புக்கொட்டிக் குடித்தார். "மூண்டும் ஒண்டுதான், தம்பி" என்றார். அப்படிச் சொல்லக்கூடாது, ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்றதும் ஒன்றைக் காட்டினார். தப்பு.

ஐந்து பேரில் சரியாகச் சொன்னது இரண்டு பேர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறக்குறைய அதுதான் வரும். கடைசியாக என் நண்பன் குடித்தான். கண்ணை மூடி, முகர்ந்து, நாக்கில் உருட்டி, "இதுதான் ஏழு, சந்தேகமே இல்லை" என்று எடுத்துக் கொடுத்தான். மனைவி கிளாஸைத் தூக்கிக் காட்டினார். சிவப்புப் பொட்டு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போனில் எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஸீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. அந்த வாரத்தில் அவன் மனைவி ஒரு நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பால், வாடகை, கரண்ட் பில்லுக்கு நடுவில் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு செலவு, குடித்தவர் என்ன சொன்னார் என்று குறித்து வைத்திருந்தார். லெட்ஜர் பார்க்கிற புத்தி எனக்கு. ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவதில், ஐந்தாவதில், ஆறில், ஏழில்... யாழ்ப்பாணத்து அண்ணர்: "கடைசியில ஒரு புளிப்பு நிக்குது."

ஏழாவதில் நம்மாள் என்ன செய்திருக்கிறான் என்றால், வறுத்த பார்லியில் கொஞ்சத்தைக் குறைத்து வேறொரு வறுவல், பார்லி அவலில் கொஞ்சத்துக்கு ஓட்ஸ், போதாததற்கு ஈஸ்ட்டும் வேறு. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறான். மாற்றாதது ஒன்றே ஒன்று, குழாய்த் தண்ணீர். நமக்கு வீராணம் மாதிரி மான்செஸ்டருக்கு 1894-லிருந்து தேர்ல்மியர் ஏரித் தண்ணீர் 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறது. ரொம்ப மென்மையான தண்ணீர். டீக்கு உத்தமம். ஆனால் வறுத்த தானியத்துக்கு இயல்பிலேயே புளிப்புக் குணம். தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் அதைச் சமன் செய்துவிடும். மான்செஸ்டர் தண்ணீரில் சமன் செய்ய ஆள் கிடையாது.

பைகார்பனேட் என்றால் வேறொன்றுமில்லை. ஆப்ப சோடா. அவன் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

எட்டாவது தடவை, அப்படியே ஆறு. கூடுதலாக ஊற வைக்கிற தண்ணீரில் 4 கிராம் சோடா. வேறு எதையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஐந்து வாரம் கழித்து மறுபடி ஸ்டிக்கர் பொட்டு, அதே ஐந்து பேர், ஆறும் எட்டும். இந்த முறை நாலு பேர் சரி. குருட்டாம்போக்கில் நாலோ அதற்கு மேலோ சரியாக வர 243-ல் 11 வாய்ப்பு, அதாவது 4.5 சதவிகிதம். நாலு பேருக்கும் பிடித்தது எட்டுதான். அண்ணர் கிளாஸைக் கீழே வைக்காமல், "இப்பதான் தம்பி ஸ்டவுட்" என்றார்.

ஷெட்டை வேறு யாரோ கார் மெக்கானிக் எடுத்துக்கொண்டாராம். நண்பன் வேலையில்தான் இருக்கிறான். ஒன்பதாவதில் ஹாப்ஸை மட்டும் 10 கிராம் குறைக்கப் போகிறானாம். போன வாரம் அவன் மனைவி பேசினார். அட்வான்ஸ் பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, ஒரே ஒரு உதவி. அடுத்து அவர் போன் பண்ணி சை-ஸ்கொயர்னு ஏதாவது கேட்டா, அதையும் சாய்ஸ்ல விட்டுட்டேன்னு சொல்லிடுங்க."