அக்கா வீட்டுத் தராசில் ஒரு மட்கார்டு

போன ஞாயிறு காலை பசியாற ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் மாவு நிறுக்கும் தராசின் மேல் ஒரு மோட்டார் மட்கார்டு உட்கார்ந்திருந்தது. கறுப்பு நிறம். பாய் பின்னியதுபோல் கட்டம் கட்டமாக ஒரு நெசவு, அதன் மேல் கண்ணாடி மாதிரி மினுக்கம். பக்கத்தில் அக்கா மகன், கையில் பழைய பிளாஸ்டிக் மட்கார்டோடு நின்றான்.

"மாமா, பழசு 540 கிராம். புதுசு 350. அசல் கார்பன் ஃபைபர். 190 கிராம் மிச்சம், பாருங்க!"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "எவ்வளவு கொடுத்தான்னு கேளுடா தம்பி."

480 ரிங்கிட்.

"அந்த 190 கிராம் நேத்து ராத்திரி இவன் சாப்பிட்ட நாசி கண்டார்லயே திரும்பி வந்திருக்கும்" என்றார் அக்கா. வானொலியில் தினமும் காலை மூன்று மணி நேரம் பேசிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இப்படி ஒரு வரி வாய்ப்பதில்லை.

கணக்கும் அவர் பக்கம்தான். அவனுடைய 250 சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார் சுமார் 165 கிலோ. அவன் 70 கிலோ. மொத்தம் 235 கிலோவில் 190 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழகுக்காகப் போடுகிறேன் என்று சொன்னால் எனக்கு மறுப்பே கிடையாது. நானும் என் முதல் மோட்டாருக்கு என்னென்னவோ ஒட்டியவன்தான். வேகத்துக்காக என்று சொல்லும்போதுதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

கார்பன் ஃபைபர் மந்திரப் பொருள் இல்லை. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்குச் சொந்தக்கார நூல் ஒன்றை முதலில் 200, 300 டிகிரியில் காற்றில் சுட்டு, பிறகு உயிர்வளி இல்லாமல் 1,000 டிகிரிக்கு மேல் வாட்டினால் ஏறக்குறைய கரி மட்டும் மிஞ்சுகிறது. அந்த இழை ஒவ்வொன்றும் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். அதைத் துணியாக நெய்து, எபாக்சி பிசினில் தோய்த்து இறுக வைப்பார்கள். 1981இல் மெக்லாரன் அணி ஃபார்முலா ஒன் காரின் உடற்கூட்டையே இதில் செய்தபோது பலர் சந்தேகப்பட்டார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மொன்சாவில் ஜான் வாட்சனின் கார் மோதிச் சிதறியது. அவர் தானாக எழுந்து நடந்து வந்த பிறகு சந்தேகம் அடங்கிவிட்டது. இன்று நமக்கு வடக்கே, கெடாவின் புக்கிட் காயு ஈத்தாமில், போயிங் விமானங்களுக்கான பாகங்களை இதே வகைப் பொருளில் செய்கிறார்கள்.

விமானப் பாகமும் இணையத்தில் வாங்கிய மட்கார்டும் ஒரே சாதி இல்லை. விமானத்துக்கு, பிசினை அளந்து ஏற்றிய துணியை அழுத்தமும் சூடும் கொடுக்கும் பெரிய உலையில் வேக வைக்கிறார்கள். மோட்டார் அலங்காரப் பாகங்களில் நிறைய, அச்சின் மேல் துணியை விரித்துக் கையால் பிசின் பூசிச் செய்தவை. சிலது கண்ணாடி நாரில் செய்து, மேலே மட்டும் ஓர் அடுக்கு கார்பன் துணி போர்த்தியவை. சிலதில் அதுவும் இல்லை, நெசவுப் படம் அச்சடித்த பிளாஸ்டிக். வாங்கும் முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளேயும் அதே கறுப்பு நெசவு தெரிய வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்தால் கட்டங்கள் மாறி மாறி மின்ன வேண்டும், அச்சடித்த படம் அப்படி மின்னாது.

இன்னொன்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். ஒரே கன அளவில் எடுத்தால் கார்பன் பாகம் மோட்டார் பிளாஸ்டிக்கைவிடக் கனம்! பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விறைப்பாக இருப்பதால் பாதிக்கும் குறைவான தடிமனில் செய்ய முடிகிறது, எடை குறைவது அதனால்தான். அந்த விறைப்புதான் பொருத்தும்போது வம்பும் ஆகிறது.

"ரேஸ்காரங்க எல்லாம் கார்பன்தானே மாமா போடறாங்க?" என்றான் மருமகன். அவன் அப்போது சின்னப் பையன், நான் ஊடகவியல் மாணவன். 2009 அக்டோபரில் செப்பாங் புல்மேட்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றேன். ஓட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. கேசி ஸ்டோனர் டுகாட்டியில் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போய் வென்றார். அந்த மோட்டாரின் சட்டகமே கார்பன் ஃபைபர். 2011இல் வாலண்டினோ ரோசி அதே அணிக்கு வந்தார். முன் டயர் என்ன செய்கிறது என்பதே கைக்குத் தெரியவில்லை என்பது அவர் குறை. இரண்டு வருடத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. 2012 மோட்டாருக்கு அணி அலுமினியச் சட்டகத்துக்குப் போனது. எல்லாப் பழியையும் கார்பன் மேல் போட முடியாது, அலுமினியத்திலும் ரோசி வெல்லவில்லை. ஆனாலும் உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்களே விறைப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று திணறியிருக்கிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு உட்காருகிறோம்.

பசியாறிவிட்டு ஜெலுத்தோங்கில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குப் போனோம். மோட்டார் பழுது பார்ப்பதிலேயே தலை நரைத்த அண்ணன் அவர். மட்கார்டை வாங்கி, விரலால் சுண்டி, சத்தம் கேட்டார். "சரக்கு நல்ல சரக்குதான் தம்பி. இறுக்க வேணாம், முதல்ல சும்மா வெச்சுப் பார்ப்போம்."

இடது பக்கத் துளைகள் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. வலது பக்கம் நாலு மில்லிமீட்டர் விலகல். பிளாஸ்டிக்காக இருந்தால் கையால் அழுத்திப் பிடித்து போல்ட்டை ஏற்றிவிடலாம், அது வளைந்து கொடுக்கும். கார்பன் வளையாது. இழுத்துப் பூட்டினால் அந்த இறுக்கம் துளையைச் சுற்றியே நிற்கும். மேடு பள்ளத்தில் பத்து நாள் அதிர்ந்தால் அங்கிருந்தே கீறல் விடும்.

"துளையைப் பெருசாக்கிடலாமே அண்ணே?" என்றான்.

ஆக்கலாம். ஆனால் கண்டபடி ட்ரில் போட்டால் நெசவு பிய்ந்துகொள்ளும். துளை மேல் டேப் ஒட்டி, பின்னால் மரக்கட்டை வைத்து, மெதுவாக, ஈரத்தோடு துளைக்க வேண்டும். முகமூடி கட்டாயம், அந்தத் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. கரி மின்சாரம் கடத்தும் என்பதால் சுவிட்சுக்குள் போனாலும் தொல்லை. அதனால் காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வெட்டிய ஓரத்துக்கு எபாக்சி பூசி அடைக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் ட்ரில்லை எடுக்கவில்லை. பணப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நுழைத்தார். இடது பக்கம் தாராளமாக ஓடியது. வலது பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

துளை மட்டும் விலகல் இல்லை, பாகமே இலேசாக முறுகியிருந்தது. வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும். மழை நாளில் மணலும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை உரசிப் பிடித்தால் மட்கார்டு உடைந்து உள்ளே இழுபடும், முன் சக்கரம் அப்படியே நின்றுவிடலாம். போதாததற்கு, பழைய மட்கார்டில் பிரேக் ஹோஸைப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. புதியதில் அது இல்லை. ஹோஸ் தொங்கி ஆடி டயரில் தேய்ந்தால் என்னவாகும் என்று அண்ணன் சொல்லவில்லை. பையனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பிறை தொழிற்பேட்டையில் இவனுக்கு இரவு வேலை. தினமும் பினாங்குப் பாலத்தில் போகிறான். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பதால் அவனுக்கு அது குஷி. பாலத்தின் நடுவில் பக்கவாட்டுக் காற்று தள்ளும்போது மோட்டார் எப்படி இழுக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பின்னால் லாரி. அந்த இடத்தில் முன் சக்கரம் நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். அக்கா இதையெல்லாம் கேட்காமல் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"இதை நான் மாட்டித் தரமாட்டேன். வேற யாராவது மாட்டித் தந்தாலும் அதுல போகாதே" என்றார் அண்ணன். பழைய பிளாஸ்டிக்கையே திரும்பப் போட்டார், கொக்கியில் ஹோஸைச் செருகி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மருமகன் முகம் சுருங்கிவிட்டது. நல்லவேளை, டாங்கியின் இரு பக்கமும் வரும் மூடிகளையும் சேர்த்து வாங்கியிருந்தான். அவை சரியாக உட்கார்ந்தன. அதை அண்ணன் மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் முதலில் ரப்பர் வளையம். போல்ட் தலைக்கு அடியில் அகலமான நைலான் வாஷர். எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பேனர், அதுவும் கால் சுற்று. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வா, திரும்ப ஒருக்கா பார்க்கிறேன்."

நைலான் எதற்கு என்று கேட்டேன். பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் செம்பும் ஆணியும் குத்தி மின்சாரம் எடுத்தது நினைவிருக்கிறதா? கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அதே கதைதான். அரிபடுவது அலுமினியம். சுற்றிலும் கடல் உள்ள தீவில், பாலத்தின் மேல் உப்புக் காற்றில் தினமும் போகிற மோட்டாருக்கு இது சும்மா பயமுறுத்தல் இல்லை. வெயில் இன்னொரு எதிரி. மேல்பூச்சு மட்டமாக இருந்தால் பிசின் மஞ்சளடித்து மங்கிவிடும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வரும் பாகமென்றால் வெப்பத் தகடு ஒட்டாமல் போடாதீர்கள், பிசின் இளகிவிடும்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று கேட்டதற்கு அண்ணன் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: "அது உடைஞ்சா நீ விழுவியா?" டாங்கி மூடி உடைந்தால் விழ மாட்டோம். சக்கரம், ஹேண்டில், பிரேக் நெம்புகோல், கால்மிதி உடைந்தால் விழுவோம். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் பல நேரம் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். அந்த வகைப் பாகங்களை, செய்தவர் யாரென்று தெரியாமல் வாங்கவே கூடாது.

முழு உடையையும் கறுப்பாக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரின் நிறம் மாறினால் ஜேபிஜேயில் தெரிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லி வைப்பது நல்லது, விபத்துக்குப் பிறகு சொன்னால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

திரும்பி வரும் வழியில் பையன் பேசவே இல்லை. தேத்தண்ணீர்க் கடையில் இறங்கியதும் விற்றவருக்குச் செய்தி அனுப்பினான், வங்கி அட்டை நிற்கிற படத்தோடு. ரேஸ் ஓட்டத்துக்கு மட்டும் என்று பதில் வந்தது. விளம்பரத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை என்று இவன் மறுபடி எழுதினான். அதற்குப் பதில் இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும்வரை வரவில்லை.

மட்கார்டு இப்போது அவன் அறைச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. தராசை அக்கா சோப்பு போட்டுக் கழுவி அலமாரியில் பூட்டிவிட்டார்.